பெயின்ட்பாலில் நாடுகளை ஒப்பிடுவது: ஒரு மலேசிய அணியை அமெரிக்க ஏணியில் எந்தப் படியில் நிறுத்துவது?

வண்ணம் நிரப்பிய பந்துகளால் எதிரணியினரைச் சுட்டு வெளியேற்றும் ஆட்டம் பெயின்ட்பால். அதை நடத்தும் அமெரிக்காவின் என்எக்ஸ்எல் லீக் ஒவ்வோர் ஆண்டும் தன் பருவத்தை ஃபுளோரிடாவில் உலகக் கோப்பையோடு முடிக்கிறது. பெயரைக் கேட்டதும் கால்பந்து உலகக் கோப்பையை நினைத்துவிட வேண்டாம். இதில் நாடுகள் மோதுவதில்லை, கிளப்புகள்தான் மோதுகின்றன. தொழில்முறைப் பிரிவில் தொடங்கி செமி-ப்ரோ, டிவிஷன் 2, 3, 4, 5 என்று கீழே இறங்கும் ஏணியில் நூற்றுக்கணக்கான அணிகள் பதிவு செய்கின்றன. வெளிநாட்டு அணி ஒன்று விண்ணப்பித்தால் அதை எந்தப் படியில் ஏற்றுவது என்பதே சிக்கல். மேலே போட்டால் முதற்சுற்றின் நான்கு மேட்ச்சிலும் அடிவாங்கிக்கொண்டு ஊர் திரும்பும். கீழே போட்டால் டிவிஷன் 4-இல் ஆடும் கல்லூரிப் பையன்களைப் புரட்டி எடுத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும். இரண்டுமே நடந்திருக்கின்றன, இனியும் நடக்கும்.

அந்த ஒரு முடிவைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம். மாதிரிக்கு ஓர் அணியை வைத்துக்கொள்வோம்: மலேசியாவில் டிவிஷன் 1 ஆடுகிறது, உள்ளூரில் முதல் மூன்று இடங்களுக்குள் வருகிறது, அமெரிக்காவில் ஒரு தடவைகூட ஆடியதில்லை. அதன் தரத்தை அமெரிக்க, மேற்கு ஐரோப்பிய, ரஷ்ய அணிகளின் தரத்தோடு எப்படிப் பொருத்துவது? "அமெரிக்காதான் டாப், மற்றவர்கள் எல்லாம் பின்னால்" என்ற வாய்வழித் தரவரிசை இதற்கு உதவாது. அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் எவ்வளவு பின்னால், எந்த விஷயத்தில் பின்னால் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

களமும் கணக்கும்

பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக. களம் 150 அடிக்கு 120 அடி, அதாவது ஏறக்குறைய 46 மீட்டருக்கு 37 மீட்டர். பக்கத்துக்கு ஐந்து பேர். மறைந்துகொள்வதற்கான காற்றடைத்த தடுப்புகள், அதாவது பங்கர்கள், இரு பாதியிலும் ஒரே அமைப்பில் நிற்கும். ஒரு ஓரத்தில் தரையோடு ஊர்ந்து செல்ல 'ஸ்நேக்', மறு ஓரத்தில் முக்கோண வடிவ 'டொரிட்டோ' வரிசை. ஹாரன் ஒலித்ததும் ஓடிப் பங்கர் பிடிப்பது பிரேக்அவுட். எதிரணி ஓடும் வழியில் முன்கூட்டியே பந்துகளைக் கொட்டித் தடுப்பது லேன். எதிரணியின் தொடக்க இடத்திலுள்ள பஸரை அழுத்தினால் ஒரு பாயின்ட். குறிப்பிட்ட பாயின்ட்டை முதலில் எட்டும் அணிக்கு மேட்ச். இந்த முறைக்கு ரேஸ்-டு என்று பெயர்.

பந்தைச் சுடும் துப்பாக்கிக்கு மார்க்கர் என்று பெயர். அது ராம்பிங் முறையில் சுடும். சில சுடல்களுக்குப் பிறகு தானாகவே வேகம் பிடித்து உச்ச வரம்பில் நிற்கும். அந்த வரம்பு ஒருகாலத்தில் விநாடிக்கு 15 பந்தாக இருந்தது, படிப்படியாக இறங்கி இப்போது 10-ஐ ஒட்டி நிற்கிறது. பந்தின் வேகம் விநாடிக்கு 300 அடிக்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டு எண்களும் பின்னால் தேவைப்படும்.

ஒரே பெயர், வேறு வேறு படி

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. மலேசிய அணி தன்னை 'டிவிஷன் 1' என்கிறது. என்எக்ஸ்எல் ஏணியில் இன்று டிவிஷன் 1 என்றே ஒன்று இல்லை, செமி-ப்ரோவுக்குக் கீழே நேராக டிவிஷன் 2. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் கோலோச்சிய மில்லேனியம் தொடரிலோ சிபிஎல், எஸ்பிஎல் என்ற இரண்டு உச்சப் பிரிவுகளுக்குக் கீழே மூன்றாவது படியாகத்தான் டிவிஷன் 1 இருந்தது. ஆசியப் போட்டித் தொடரான பால்ஸ் அமைப்பிலும் அதைச் சார்ந்த தேசிய லீக்குகளிலும் டிவிஷன் 1 என்பதே நடைமுறையில் மேல் படி. ஒரே பெயர் மூன்று கண்டங்களில் மூன்று உயரத்தைக் குறிக்கிறது. பதிவு மேசையில் இருப்பவர் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், அவர் படியைத் தீர்மானிக்கவில்லை, ஊகிக்கிறார்.

அமெரிக்கர்கள் இந்தக் குழப்பத்தை ஆட்டக்காரர் அளவில் தீர்த்துவைத்திருக்கிறார்கள். அங்குள்ள பதிவமைப்பு ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் எண் தருகிறது. எந்தப் பிரிவில், எத்தனை அணிகள் இருந்த போட்டியில், எந்த இடம் பிடித்தார் என்பதை வைத்துப் புள்ளி சேர்கிறது, புள்ளி கூடினால் தரம் ஏறுகிறது. கீழ்ப்பிரிவு அணி தன் பட்டியலில் மேல்தர ஆட்டக்காரர்களை இத்தனை பேருக்கு மேல் வைக்கக் கூடாது என்ற வரம்பும் உண்டு. வேண்டுமென்றே கீழ்ப்படியில் பதிந்து கோப்பை அடிப்பதை 'சாண்ட்பேக்கிங்' என்பார்கள். இந்த ஏற்பாடு முழுவதும் அதைத் தடுப்பதற்காகத்தான். ஆனால் இந்த ஏட்டில் பதிவே இல்லாத கோலாலம்பூர் ஆட்டக்காரர் பத்து வருட அனுபவத்தோடு வந்தாலும் கணினியில் புதுமுகம்தான். ஓட்டை இருக்கும் இடம் இதுதான்.

ஸ்கோர் எவ்வளவு சொல்லும்?

சரி, பெயரை விடுவோம், நேரடி முடிவுகளைப் பார்ப்போம் என்று அடுத்த யோசனை வரும். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

இரண்டு அணிகள். ஒன்று உண்மையிலேயே சற்று மேல், நூறு பாயின்ட் ஆடினால் 55-ஐ அது வெல்லும். ரேஸ்-டு 4 மேட்ச்சில் இந்த அணி ஜெயிக்கும் வாய்ப்பு 61 சதவீதம்தான். ரேஸ்-டு 7 என்றால் 64. தெளிவாகவே மேலான, நூற்றுக்கு 60 வெல்லும் அணியை எடுத்தாலும் ரேஸ்-டு 4-இல் 71 சதவீதம், ரேஸ்-டு 7-இல் 77. நல்ல அணி நாலு மேட்ச்சில் ஒன்றைத் தோற்பது அதிசயம் இல்லை. கீழ்ப்பிரிவுகளில் ரேஸ் இலக்கு சிறியது, அதனால் அங்கே அதிர்ஷ்டத்தின் பங்கு இன்னும் பெரியது.

திருப்பிக் கேட்டுப் பார்ப்போம். 55-க்கு 45 என்ற வித்தியாசத்தை நம்பிக்கையோடு சொல்ல எத்தனை பாயின்ட் பார்க்க வேண்டும்? வழக்கமான 95 சதவீத நம்பிக்கை அளவில் ஏறத்தாழ 385. ஒரு மேட்ச்சில் 7 முதல் 10 பாயின்ட் என்று வைத்தால் 39 முதல் 55 மேட்ச். ஒரு மலேசிய அணியும் ஒரு அமெரிக்க அணியும் தங்கள் ஆயுளில் அவ்வளவு தடவை மோதப்போவதில்லை.

எனவே சங்கிலி போடுகிறார்கள்: மலேசிய அணி 'ஆசிய உலகக் கோப்பை' என்ற போட்டியில் ஓர் ஐரோப்பிய அணியோடு ஆடியது, அந்த ஐரோப்பிய அணி அமெரிக்க அணியோடு ஆடியது, ஆகவே இது அதைவிட இவ்வளவு கீழே. முறை சரிதான், ஆனால் ஒவ்வொரு கண்ணியிலும் பிழை ஏறும். ஒரு கண்ணிக்கு 50 பாயின்ட் தரவு இருந்தால் பிழை 14 சதவீதப் புள்ளி மேலும் கீழும். இரண்டு கண்ணி சேர்ந்தால் 20. அதாவது "மலேசிய அணிக்கு 45 சதவீத வாய்ப்பு" என்று கணக்கு சொன்னால், உண்மை 25-லிருந்து 65-க்குள் எங்கும் இருக்கலாம். 25 என்றால் இரண்டு படி கீழே போட வேண்டிய அணி, 65 என்றால் ஒரு படி மேலே. கண்ணிக்கு 200 பாயின்ட் சேர்த்தால் மொத்தப் பிழை 10-க்கு இறங்கும். ஒரே பிரிவில் ஆடிய அந்தந்த நாட்டு அணிகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் 200 கிடைக்கும். ஆனால் அப்படிக் கூட்டும்போது வேறொரு கோளாறு நுழைகிறது: விமானச் செலவைத் தாங்கக்கூடிய அணிகள் மட்டுமே தரவில் இருக்கும். நாட்டின் மிகச் சிறந்த அணியும், பயணம் போகப் பணமுள்ள அணியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

கிளப்பின் ஊரும் ஆட்டக்காரரின் ஊரும்

அடுத்த சிக்கல் சட்டைக்குள் இருக்கிறது. எட்மன்டன் இம்பாக்ட் என்ற கனடா அணி அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் பலமுறை பட்டம் வென்றிருக்கிறது. அதை வைத்து "கனடா அமெரிக்காவை மிஞ்சிவிட்டது" என்று எழுதலாமா? அந்த அணியின் பட்டியலில் கனடியர்களோடு அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் ஆடியிருக்கிறார்கள். டெக்ஸாஸின் ஹூஸ்டன் ஹீட் 2012-இல் களமிறங்கியபோது அதில் ரஷ்ய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அப்படியானால் அந்த வெற்றிகளை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?

ஆசியாவில் இது வேறு வடிவம் எடுக்கிறது. பெரிய போட்டிக்கு ஓர் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரரைக் கூலிக்குக் கூட்டிவந்து ஆடவைப்பது அங்கே சகஜம். ஐந்து பேரில் ஒருவர் என்றால் கணக்கில் 20 சதவீதம். ஆனால் தாக்கம் அதோடு நிற்காது. பிரேக்அவுட் திட்டத்தை அவர்தான் போடுவார், மற்ற நால்வரையும் கூவிக் கூவி நகர்த்துவதும் அவர்தான். அந்தக் கோப்பையை அப்படியே மலேசியக் கணக்கிலோ தாய்லாந்துக் கணக்கிலோ சேர்த்தால் ஏமாறுவோம்.

இதற்கு வழி, மேட்ச்சை விட்டுவிட்டுப் பாயின்ட்டைப் பிடிப்பது. ஒவ்வொரு பாயின்ட்டிலும் களத்தில் நின்ற ஐந்து பேர் யார் என்று குறித்தால், வெளிநாட்டவர் இல்லாத பாயின்ட்டுகளைத் தனியே பிரிக்கலாம். நேரலை ஒளிபரப்பு இருக்கும் போட்டிகளில் காணொளியைப் பார்த்தே இதைச் செய்துவிட முடியும். அலுப்பான வேலை, ஒரு மேட்ச்சுக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும்.

தேசிய அணிகள் ஆடும் போட்டிகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்குமே என்று தோன்றும். ஐரோப்பியக் கூட்டமைப்பு நாடுகளுக்கிடையே போட்டி நடத்துகிறது, உலகக் கூட்டமைப்பும் உண்டு. ஆனால் அங்கே வரும் அணி அந்த வார இறுதிக்காகச் சேர்க்கப்பட்டது. ஐந்து கிளப்புகளிலிருந்து வந்தவர்களுக்கு ஐந்து விதமான சங்கேதக் கூவல்கள். ஒரு கிளப்பில் 'ஒன்று' என்றால் ஸ்நேக்கில் ஆள், இன்னொன்றில் அதே 'ஒன்று' ஓர் ஆள் காலி. உச்ச ஆட்டக்காரர்கள் பலர் கிளப் பருவத்துக்காக உடம்பைக் காத்துக்கொண்டு வராமலும் இருப்பார்கள். அந்த முடிவுகள் நாட்டுப் பற்றுக்கு நல்ல தீனி. தரம் அளக்க நாம் அவற்றுக்குப் பாதி எடைதான் கொடுப்போம்.

214 அடியும் 300 அடியும்

நாட்டின் சட்டம் ஆட்டக்காரரின் கையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஜெர்மனியைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே தடையின்றி வாங்கக்கூடிய மார்க்கருக்கு ஆற்றல் வரம்பு 7.5 ஜூல், வாங்குபவருக்கு வயது 18. ஐந்துகோணத்துக்குள் எஃப் எழுத்து பொறித்த முத்திரை இருக்கும். 2009-இல் வின்னென்டன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு ஆட்டத்தையே தடை செய்யும் யோசனை அரசுத் தரப்பில் எழுந்து பின்னர் கைவிடப்பட்டது. இந்த வரம்பையொட்டி அங்கே களங்களில் பழகிய பந்து வேகம் விநாடிக்கு 214 அடி.

இதன் விளைவைக் களத்தில் வைத்துப் பார்ப்போம். ஏறக்குறைய 3 கிராம் எடையும் 17.3 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள பந்தைக் காற்றுத் தடையோடு சேர்த்துக் கணக்கிட்டால், 300 அடி வேகத்தில் கிளம்பிய பந்து 25 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.37 விநாடி. 214 அடியில் கிளம்பினால் 0.52 விநாடி. வித்தியாசம் 0.15 விநாடி. விநாடிக்கு 6.5 மீட்டர் ஓடும் ஆட்டக்காரர் அந்த இடைவெளியில் ஒரு மீட்டர் நகர்ந்துவிடுவார். பந்து கீழே இறங்கும் அளவும் இரண்டு மடங்கு, 300-இல் அரை மீட்டருக்குச் சற்று மேல், 214-இல் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்.

ஆக 214-இல் வருடக்கணக்காக லேன் பழகியவர் 300 அடிப் போட்டிக்கு வந்தால், பழக்க தோஷத்தில் ஓடுபவருக்கு ஒரு மீட்டர் முன்னாலும், தேவையானதைவிட அரை மீட்டருக்கு மேல் உயரத்திலும் சுடுவார். பந்துகள் ஓடுபவரின் மூக்குக்கு முன்னால் பறந்து போகும். இரண்டு மூன்று நாள் பயிற்சியில் இது சரியாகிவிடும். ஆனால் போட்டியின் முதல் நாள் முதல் மேட்ச்சை வைத்து அவருடைய தரத்தை எழுதினால் அந்தப் பதிவு தவறு.

லேன் பற்றி இன்னொரு கணக்கு. விநாடிக்கு 10 பந்து என்றால் பந்துக்குப் பந்து 0.1 விநாடி, ஓடுபவர் அதற்குள் 65 சென்டிமீட்டர் நகர்கிறார். பக்கவாட்டில் அவர் உடம்பும், 'பாட்' எனப்படும் உபரிப் பந்துக் குடுவைகளை வைக்கும் இடுப்புப் பையும் சேர்ந்து அரை மீட்டர் அகலம். உயரம் பிசகாமல் சுட்டாலும் ஒரு துப்பாக்கியின் லேனில் நான்கில் ஒரு தடவை அவர் இடைவெளியில் நுழைந்து தப்புவார். விநாடிக்கு 15 பந்து இருந்த காலத்தில் அந்த இடைவெளி 43 சென்டிமீட்டர், தப்பவே வழியில்லை. வரம்பு இறங்கியதும் ஒரே வழியை இரண்டு பேர் சேர்ந்து அடைக்க வேண்டியதாயிற்று. இரண்டு பேரின் லேனையும் இணைத்துப் பழகும் அணிக்குக் கூடுதல் மதிப்பு வந்தது அப்போதிருந்துதான். பழைய வரம்பில் சேர்த்த முடிவுகளையும் புதிய வரம்பில் சேர்த்தவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு "இந்த நாடு முன்னேறிவிட்டது" என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வேக வரம்பை விட்டால், கருவியில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் ஒன்றும் இல்லை. அமெரிக்க உச்ச அணிகள் பல தூக்கிக்கொண்டு திரியும் மார்க்கர் மான்செஸ்டரின் பிளானட் எக்லிப்ஸ் தயாரிப்பு. காற்றடைத்த பங்கரைப் பரப்பிய சுப்ஏர் பிரெஞ்சு நிறுவனம். கோலாலம்பூர் பையன் கையிலும் அதே மார்க்கர்தான்.

பெயின்ட், அதை உடைக்கும் ஈரம், அதை வாங்கும் காசு

வித்தியாசம் பந்தில் இருக்கிறது. பந்தின் தோல் ஜெலட்டின், அது ஈரத்தை உறிஞ்சும். கன்டெய்னரில் வாரக்கணக்கில் கடல் வெயிலில் வெந்து, பிறகு மலேசியாவின் 80 சதவீத ஈரப்பதத்தில் பெட்டி திறக்கப்பட்டால் பந்து ஊதும், ஒரு பக்கம் தட்டையாகும். ஊதிய பந்து இறுக்கமான குழாயில் உடையும். அதனால் அங்கே பெரும்பாலும் 0.687, 0.689 அங்குலம் என்று அகலமான உள்குழாயை மார்க்கர் குழாய்க்குள் போடுகிறார்கள். தட்டையான பந்து 25 மீட்டரில் அரை மீட்டர் விலகும். அதை வைத்து ஸ்நாப் ஷூட்டிங், அதாவது பங்கருக்கு வெளியே சட்டென்று தலைகாட்டிச் சுடுவதைப் பழகியவர், ஒரே பந்தில் முகமூடியைத் தட்ட முடியாது என்று கற்றுக்கொண்டு மூன்று நான்கு பந்து விடுவார். அந்த நேரம் முழுக்க அவர் தலை பங்கருக்கு வெளியே இருக்கும். அமெரிக்காவில் புதுப் பெட்டி பெயின்ட்டில் பழகியவர் ஒரே பந்தோடு உள்ளே போய்விடுவார். கையின் திறமை சமம்தான், பழக்கம் வேறு.

அதைவிடப் பெரிய வித்தியாசம் அளவில் இருக்கிறது. ஒரு பாயின்ட்டுக்குப் பின்வரிசை ஆள் மார்க்கர் மேலுள்ள பந்துக் கலமான லோடரில் 200, 140 பந்து கொள்ளும் பாட் ஆறு என்று 1,040 பந்து சுமப்பார். முன்வரிசை ஆள் இரண்டு பாட்டோடு 480. அணி மொத்தம் 3,800 பந்து சுமந்து, பாதியைச் சுட்டாலும் ஒரு பாயின்ட்டுக்கு ஏறத்தாழ ஒரு கேஸ், அதாவது 2,000 பந்து. பயிற்சி நாளொன்றில் 15 முதல் 20 பாயின்ட். என்எக்ஸ்எல் போட்டிக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு களத்தின் வரைபடம் வெளியாகும். அமெரிக்க அணி அதே அமைப்பை விரித்த உள்ளூர்க் களத்தில் இரண்டு வார இறுதி, நான்கு நாள் ஆடிவிடும். 60 முதல் 80 கேஸ், அந்த வரைபடத்திலேயே 60 முதல் 80 பாயின்ட். எந்தப் பங்கரிலிருந்து எந்த இடைவெளி தெரியும் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

மலேசிய அணிக்கு அந்த வரைபடம் கிடைக்கும், அந்தப் பங்கர் செட் கிடைக்காது. உள்ளூர் செட்டில் பங்கர் உயரம் ஒரு சாண் குறைந்தால் போதும், மறைவு என்று நம்பிய இடத்தில் தலை தெரியும். இறக்குமதி பெயின்ட்டில் நான்கு நாளைக்கு 80 கேஸ் வாங்கும் வசதியும் பெரும்பாலான அணிகளுக்கு இல்லை. தோற்கும் பாயின்ட்டுகளைக் காணொளியில் பார்த்தால், துப்பாக்கிச் சண்டையில் தோற்றவை குறைவாகவும், தெரியாத இடைவெளி வழியாக வந்த பந்தில் வெளியேறியவை அதிகமாகவும் இருப்பது இதனால்தான்.

விசாவும் இதே கணக்கில் சேரும். பத்துப் பேர் பட்டியலில் மூவருக்கு விசா மறுக்கப்பட்டால் ஏழு பேர். முன்வரிசை ஆள் ஒவ்வொரு பாயின்ட்டும் ஓடுவார், நடுவில் மூச்சு வாங்க இரண்டு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. மூன்றாம் மேட்ச்சில் அவர் பிரேக்அவுட் அரை விநாடி தாமதமாகும். அரை விநாடி என்பது எதிரணி லேனில் ஐந்து பந்து கூடுதல்.

அப்படியானால் எதை அளப்பது?

பாயின்ட்வாரியாக ஒரு தாள். அதில் ஏழு கட்டம் போதும்: களத்தில் நின்றவர்கள், பிடித்த பங்கர்கள், முதல் 10 விநாடியில் இரு பக்கமும் வெளியேறியவர்கள், முதல் வெளியேற்றம் யார் பக்கம், அதன் பிறகு முடிவு யாருக்கு, தண்டனைக் கொடிகள், பாயின்ட் முடிந்த நேரம்.

இந்தத் தாளிலிருந்து வரும் எண்களில் நாங்கள் அதிகம் நம்புவது ஒன்றைத்தான்: ஆள் கூடுதலாக இருக்கும்போது பாயின்ட்டை முடிக்கும் விகிதம். ஐந்துக்கு நான்கு என்று ஆனபின் எத்தனை தடவை வென்றார்கள், மூன்றுக்கு இரண்டு என்று ஆனபின் எத்தனை தடவை. முதல் ஆளை வெளியேற்றுவது அந்த நாளின் லேன், வரைபட அறிவு, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்த ஒன்று. கூடுதல் ஆளைக் காசாக்குவது வேறு வேலை. யார் காலி என்ற செய்தி களத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு எவ்வளவு வேகத்தில் போகிறது, அதைக் கேட்டவர் உடனே நகர்கிறாரா, நகர்பவருக்காக மற்றவர் எதிரியின் தலையை அமுக்கிப் பிடிக்கிறாரா என்பதுதான் அங்கே தெரியும். எதிரணி பலமானால் இதுவும் குறையும், முழுக்கச் சார்பற்ற எண் என்று சொல்ல மாட்டோம். ஆனால் வரைபடம் மாறினாலும் பந்து மாறினாலும் மற்ற எண்களைப் போல இது துள்ளுவதில்லை.

எதிரணியே தேவைப்படாத சோதனைகளும் உண்டு. பெயின்ட் ஒரே பெட்டியிலிருந்து, வேகம் எல்லோருக்கும் 285 அடிக்கு ஐந்து அடி முன்பின். சோதனைக்கு முன் பத்துப் பந்தைத் தலையுயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போட்டு முதல் விழுதலில் எத்தனை உடைகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் இரண்டு இடத்தில் வேறுபட்டால் முடிவுகளை ஒப்பிட முடியாது. பிறகு லேன்: தொடக்க இடத்தில் கை வைத்து நின்று, ஹாரனுக்குப் பிறகு 25 மீட்டரில் 60-க்கு 90 சென்டிமீட்டர் பலகையில் முதல் பந்து படும் நேரம், இரண்டு விநாடிக்குள் பட்ட பந்துகள், பத்து முறை. ஸ்நாப்: 15 மீட்டரில் முகமூடி அளவு, 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டு, ஒரு விநாடி மட்டும் வெளியே தலைகாட்டி, வலக்கையில் பத்து, இடக்கையில் பத்து. மொத்த எண்ணிக்கையைவிட இடக்கைக்கும் வலக்கைக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். பயிற்சியாளர் இல்லாமல் தானாக வளர்ந்த ஆட்டக்காரரை அந்த இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும்.

நான்கு களங்களைப் பற்றி எங்கள் மதிப்பீடு

அமெரிக்காவின் பலம் உச்சியைவிட ஆழத்தில் இருக்கிறது. 1981 ஜூன் 27-இல் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் பன்னிரண்டு பேர், மரத்துக்கும் மாட்டுக்கும் குறியிடும் துப்பாக்கியோடு ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து அங்கே இது தொடர்ச்சியாக வளர்ந்தது. உச்ச ஐந்து பேரை மட்டும் எடுத்தால் ஐரோப்பியர்கள் அவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை, தொழில்முறை அணிகள் அவர்களை வலைபோட்டு எடுப்பதே அதற்குச் சான்று. ஆனால் ஓர் அணியின் ஆறாவது ஆளிலிருந்து பத்தாவது ஆள் வரை ஒப்பிட்டால் அமெரிக்கா விலகிச் செல்கிறது. டிவிஷன் 3-இல் ஆடும் பையனுக்கே வாரம் ஒருமுறை தன்னைவிட மேலான எதிரி கிடைக்கிறான்.

மேற்கு ஐரோப்பாவில் ஸ்டாக்ஹோமின் ஜாய் டிவிஷன், பிரான்ஸின் டோன்டோன் போன்ற கிளப்புகள் மில்லேனியத்தின் உச்சப் பிரிவில் நீண்ட காலம் நிலைத்தன. எஸ்பிஎல்லிலிருந்து ஏற்றம், சிபிஎல்லிலிருந்து இறக்கம் என்ற முறை அங்கே படிகளை நேர்மையாக வைத்தது. அந்தப் பிரிவுகளின் பழைய முடிவுகளை நம்பிக்கையோடு கண்ணியாகப் பயன்படுத்தலாம்.

ரஷ்யா தனிக் கதை. மாஸ்கோவின் ரஷ்யன் லீஜியன் 2000-களிலேயே அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் இறங்கி, அங்கே பட்டம் வெல்லும் அளவுக்கு வந்தது. புரவலரின் பணம், முழுநேரப் பயிற்சி, கடுமையான உடற்பயிற்சி ஆகியவை அதற்குப் பின்னால் இருந்தன. ஓரிரு அணிகள் உலக உச்சியில், அதற்குக் கீழே சட்டென்று சரிவு. ரஷ்யாவின் 'சராசரி' என்று ஓர் எண்ணைச் சொன்னால் அது எந்த உண்மையான அணியையும் குறிக்காது.

மலேசியாவை லங்காவியில் நடந்த ஆசிய உலகக் கோப்பைகள் தூக்கிவிட்டன. தேசிய லீக் ஒழுங்காக நடக்கிறது, ஓட்டத்திலும் துணிச்சலிலும் குறை சொல்ல முடியாது. முன்வரிசை ஆட்டம் அமெரிக்க டிவிஷன் 2-க்கு நிகர் என்போம். பின்வரிசையும் களப்பேச்சும் அதற்கு ஒரு படி கீழே. ஆள் கூடுதலாக இருக்கும் பாயின்ட்டை அவசரப்பட்டு ஓடிக் கெடுப்பது திரும்பத் திரும்பத் தெரியும் குறை. இந்தியாவை இந்த அட்டவணையில் சேர்க்கவே இல்லை. சென்னை, பெங்களூருப் பக்கம் ரிசார்ட்டுகளில் அலுவலகக் குழுக்கள் வாடகை மார்க்கரோடு ஆடுவது நல்ல பொழுதுபோக்கு, ஆனால் போட்டி ஆட்டத்தின் அளவுகோல் அங்கே பொருந்தாது.

மாதிரி அணியை எங்கே போடுவது?

முதலில் பட்டியலைக் கேட்க வேண்டும், அணியின் பெயரை அப்புறம் பார்க்கலாம். பத்துப் பேரில் யாருக்காவது அமெரிக்க லீக், மில்லேனியம், என்எக்ஸ்எல் ஐரோப்பா பதிவு இருந்தால் அவர்களின் தரமே முதல் கண்ணி. கூலிக்கு வந்தவர் இருந்தால் அவர் இல்லாத பாயின்ட்டுகளின் காணொளி, குறைந்தது 50 பாயின்ட். அதில் ஐந்துக்கு நான்கு ஆனபின் முடிக்கும் விகிதத்தை எடுத்து, அதே பருவத்தில் அமெரிக்க டிவிஷன் 3 அரையிறுதி அணிகளின் காணொளியிலிருந்து அதே கையால் எடுத்த விகிதத்தோடு வைக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே குறித்து ஒப்பிடுவது நல்லது, 'வெளியேறினார்' என்ற கணத்தை இருவர் இருவிதமாகப் பார்ப்பார்கள்.

இந்த அணி போன்ற ஒன்றுக்கு எங்கள் பதில் டிவிஷன் 3. வரைபடப் பயிற்சி இல்லாததும் ஏழு பேரோடு வரக்கூடும் என்பதும் சேர்ந்து அரைப் படியாவது இழுக்கும். அதே அணி இரண்டு வாரம் முன்னதாக வந்து, அதே பங்கர் செட்டில் உள்ளூர் பெயின்ட்டோடு இரண்டு வார இறுதி ஆடிவிட்டுப் பதிவு செய்தால் டிவிஷன் 2. பதிவுத் தாளில் ஒரே எண்ணாக எழுதாமல் "டிவிஷன் 3, மேல் எல்லை 2" என்று எழுதி, பட்டியலையும் வந்து சேர்ந்த தேதியையும் அதோடு இணைக்க வேண்டும். முதற்சுற்றின் நான்கு மேட்ச் முடிந்ததும் அந்த ஏழு கட்டத் தாளை நிரப்பி ஆட்டக்காரர்களின் பெயரில் ஏற்றிவிட்டால், அடுத்த ஆண்டு அதே ஆட்கள் வேறு சட்டையில் வந்தாலும் படி கையில் இருக்கும்.